சிறிய மருந்தகத்தில் கீமோ மருந்து கலப்பது: பெட்டி வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது

எங்கள் மருத்துவமனையில் மொத்தம் நாற்பது படுக்கைகள். வாரத்தில் இரண்டு நாள் புற்றுநோய் மருத்துவர் வந்துபோவார். நோயாளிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் அலைய வேண்டாம், கீமோவை இங்கேயே கொடுக்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்ததும், மருந்து கலக்கும் பொறுப்பு மருந்தாளுநரான என் தலையில் விழுந்தது. படித்த காலத்தில் இதைப் பற்றி ஒரு பக்கம் படித்திருப்பேன். அறை தயாராக ஏழு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் தவறான கருவியை வாங்கிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்க மல்லுக்கட்டி, கடைசியில் தோற்ற காலம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அறை தொடங்கப் பேச்சு நடந்தால் கீழே இருக்கும் வரிசையில் போங்கள். நான் தலைகீழாகப் போனேன்: முதலில் கருவி, பிறகு அறை, கடைசியில் கழிவு.

1. எந்தெந்த மருந்து என்று முதலில் எழுதுங்கள்

மருத்துவரிடம் உட்கார்ந்து, முதல் ஆறு மாதத்தில் எந்த மருந்துகளைக் கொடுப்பார், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு என்று ஒரு தாளில் வாங்குங்கள். எங்கள் பட்டியலில் பதினொரு மருந்துகள் இருந்தன. அந்தத் தாள்தான் மருந்து கலக்கும் பாதுகாப்புப் பெட்டியின் அளவையும், கையுறைச் செலவையும், கழிவுத் தொட்டியின் கொள்ளளவையும் தீர்மானித்தது.

ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: பொடியா திரவமா, எதில் கரைக்க வேண்டும், எந்தப் பையில் போடலாம், குளிரில் வைக்கலாமா. பொடியும் திரவமும் இரண்டும் கிடைக்கும் மருந்தானால் திரவக் குப்பியையே வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் பொடியைக் கரைக்கும் வேலையும், அப்போது குப்பிக்குள் ஏறும் அழுத்தமும் மிச்சம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கையாள்பவருக்கே ஆபத்தான மருந்து என்றால் ஊசி மருந்து மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். மாத்திரை அலமாரியையும் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட், கேப்சிடபைன், ஹைட்ராக்சியூரியா, மெர்காப்டோப்யூரின் எல்லாம் அங்கே சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். புற்றுநோய்க்குத் தொடர்பில்லாத கான்சைக்ளோவிர், மைக்கோஃபீனோலேட் போன்றவையும் ஆபத்தானவற்றின் வரிசையில்தான் வருகின்றன. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் இதற்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2024இல் புதுப்பித்திருக்கிறார்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை உங்கள் இருப்போடு ஒப்பிட ஒரு பிற்பகல் போதும்.

இந்த மாத்திரைகளை எண்ணத் தனித் தட்டு, தனிக் கரண்டி வையுங்கள். உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள். விழுங்க முடியாத நோயாளி என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், உரலைத் தேடாதீர்கள். மூட்டுவாதத்துக்கு வரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் உயிர் போகும். உறையில் 'வாரம் ஒருமுறை' என்று மட்டும் எழுதாமல் கிழமையின் பெயரையே எழுதிக் கொடுங்கள்.

2. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள்

நான் பணத்தைத் தொலைத்த இடம் இது. 'ஹெப்பா வடிகட்டி வைத்தது, நுண்ணுயிர் இல்லாத காற்று, எல்லா மருத்துவமனையிலும் இதுதான்' என்று ஒரு விற்பனையாளர் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கொண்டுவந்து இறக்கியது படுக்கைவாக்கில் காற்று வீசும் லேமினார் மேசை. பின்சுவரிலிருந்து புறப்படும் சுத்தமான காற்று மருந்தைத் தடவிக்கொண்டு நேரே கலப்பவரின் முகத்துக்கு வரும். ஊட்டத் திரவங்களைக் கலக்க அது அருமையான கருவி. கீமோவுக்கு அதைவிட மோசமான கருவி கிடையாது. மருந்து சுத்தமாக இருக்கும். கலப்பவர்தான் அதைச் சுவாசிப்பார்.

கீமோவுக்கு வேண்டியது பயோசேஃப்டி கேபினட் என்று சொல்லப்படும் பாதுகாப்புப் பெட்டி, இரண்டாம் வகுப்பு. இதில் காற்று மேலிருந்து கீழே இறங்கும். முன்வாயில் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வேகத்தில். உள்ளே இருப்பது உங்கள் பக்கம் வராது.

இரண்டாம் வகுப்பிலும் கிளைகள் உண்டு. ஏ-2 என்பது ஏறக்குறைய 70 விழுக்காடு காற்றை வடிகட்டி உள்ளேயே சுற்றவிட்டு, மிச்சத்தை வெளியேற்றும். பி-2 முழுவதையும் வெளியேற்றும். அதற்குத் தகுந்த பெரிய வெளியேற்று விசிறியும், குளிரூட்டிய காற்றெல்லாம் வெளியே போவதைத் தாங்கும் மின்கட்டணமும் வேண்டும். எங்களைப் போன்ற இடத்துக்கு ஏ-2 போதும், ஒரு நிபந்தனையோடு: அதன் வெளியேற்று வாயை ஒரு குடை இணைப்பு வழியாகக் குழாயில் சேர்த்து, மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். குழாய் இல்லாமல் அறைக்குள்ளேயே விடும் ஏ-2வை வாங்கினால் பாதிதான் வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

விலைப்புள்ளி கேட்கும்போது கீழே உள்ளவற்றை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பித்தான் நான் மாட்டினேன்.

- இது எந்த வகுப்பு, எந்தக் கிளை? எந்தத் தரநிலையின்படி சோதிக்கப்பட்டது?
- குடை இணைப்பும் குழாயும் விசிறியும் விலையில் சேர்த்தியா?
- நிறுவிய பிறகு எங்கள் அறையிலேயே காற்று வேகம், வடிகட்டிக் கசிவு, புகை சோதனை செய்து சான்று தருவீர்களா?
- ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுசான்று யார் தருவார்கள், என்ன கட்டணம்?

நான்கு அடி ஏ-2 பெட்டிக்கு எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகள் இரண்டு லட்சத்தில் தொடங்கி நாலரை லட்சம் வரை இருந்தன. குழாய் வேலை தனி. மறுசான்று தருபவர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருப்பதால் அவருடைய பயணச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புறஊதா விளக்கைப் பெரிய சிறப்பாகச் சொல்வார்கள். அது மருந்துப் படிவை அழிக்காது; அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. மின்வெட்டு வந்து ஜெனரேட்டர் எடுக்கும் வரை சில நொடிகள் பெட்டியின் விசிறி நிற்கும். சரியாக அந்த நேரத்தில் திறந்த குப்பியும் ஊசியுமாக நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். விசிறிக்குத் தாங்கும் திறனுள்ள யுபிஎஸ் ஒன்றைப் பெட்டிக்கென்றே ஒதுக்குங்கள்.

3. அறை

மருந்தகத்தின் மூலையில் திரை கட்டிச் செய்யும் வேலை இல்லை இது. தனி அறை வேண்டும், கதவு வேண்டும். அந்த அறையின் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகும்படி.

எந்த அளவு என்று கேட்டால் நம் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யுஎஸ்பி என்ற அமெரிக்க மருந்து நெறிநூலின் 800ஆம் அத்தியாயத்தை நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அது இங்கே சட்டம் ஆகாது; ஆனால் எண்களைத் தெளிவாகச் சொல்கிறது. அழுத்த வேறுபாடு 0.01 முதல் 0.03 அங்குல நீர், அதாவது ஏறத்தாழ 2.5 முதல் 7.5 பாஸ்கல். மணிக்குக் குறைந்தது 12 முறை அறைக்காற்று மாற வேண்டும். இது எளிய வகை அறைக்கான எண். முழுச் சுத்த அறை என்றால் 30.

விசிறிக்காரரிடம் பேச ஒரு கணக்கு. அறை 10 அடிக்கு 8 அடி, உயரம் 9 அடி என்றால் 720 கன அடி. மணிக்கு 12 முறை என்றால் 8,640 கன அடி, நிமிடத்துக்கு 144 கன அடி. குழாயின் வளைவுகளில் இழுவை குறையும் என்பதால் இதைவிட அதிகத் திறனுள்ள விசிறியைக் கேளுங்கள். கதவுக்கு வெளியே ஒரு அழுத்தமானியை மாட்டச் சொல்லுங்கள். காலையில் அறைக்குள் போகும் முன் அதைப் படித்துப் பதிவேட்டில் எழுதுவது முதல் வேலை.

எளிய வகை அறைக்கு ஒரு விலை உண்டு. அதே நெறிநூலின்படி அங்கே கலந்த மருந்துக்கு அறை வெப்பத்தில் 12 மணி நேரம், குளிர்பெட்டியில் 24 மணி நேரம், அவ்வளவுதான் ஆயுள். மருந்தின் சொந்த ஆயுள் அதைவிடக் குறைவு என்றால் அது. ஆகவே நாளைக்கும் மறுநாளைக்கும் சேர்த்துக் கலந்து வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

மேல்விசிறியைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சையும் சேர்த்து. வெயில் காலத்தில் யாராவது போடத்தான் செய்வார்கள். குளிரூட்டியின் காற்று பெட்டியின் முன்வாயில் மீது நேராக அடிக்கக் கூடாது. எங்கள் அறையில் அது சரியாக அங்கேதான் அடித்தது. புகை சோதனையில் புகை வெளியே வழிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். தரை வினைல், சுவர் கழுவக்கூடிய வண்ணம். கை கழுவும் தொட்டி பெட்டியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. அறைக்குள் தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, கைப்பேசி மூன்றும் கூடாது. முதல் இரண்டுக்கு யாரும் சண்டை போடவில்லை.

4. கழிவுக்கான காகிதங்கள்: முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

பெட்டி வந்து, அறை முடிந்து, மருத்துவர் தேதியும் கொடுத்துவிட்டார். அப்போதுதான் கழிவு வண்டிக்காரர், 'உங்கள் ஒப்பந்தத்தில் இந்த வகைக் கழிவு இல்லையே' என்றார். ஐந்து வாரம் பூட்டிய அறையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016இன்படி செல்நச்சு மருந்துகளும் (கீமோ இதில்தான் வரும்), அவை ஒட்டிய குப்பி, ஆம்பூல் போன்றவையும் மஞ்சள் வகை. அவற்றை மருந்து தந்தவருக்கே திருப்பி அனுப்பலாம். அல்லது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிக்க வேண்டும். எல்லா உலையும் அந்த வெப்பத்துக்குப் போகாது. அதனால் உங்கள் பகுதியின் நிலையத்திடம் இந்தக் கழிவை எடுத்துக்கொள்கிறார்களா என்று எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்:

- தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம். விண்ணப்பம் படிவம் 2, அங்கீகாரம் படிவம் 3. ஏற்கெனவே இருந்தாலும் அதில் இந்தக் கழிவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்க விண்ணப்பியுங்கள்.
- சுத்திகரிப்பு நிலையத்துடனான ஒப்பந்தம், செல்நச்சுக் கழிவு என்ற சொல்லோடு.
- நாள்வாரியான கழிவுப் பதிவேடு, எடையுடன்.

பை குளோரின் சேராத மஞ்சள் பையாக இருக்க வேண்டும். அதன் மீது செல்நச்சுக் குறியும் வேண்டும். குறியில்லாத மஞ்சள் பை மற்றக் கழிவோடு கலந்து போய்விடும். ஊசிகளைக் குத்துத் தாங்கும் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிக்கும் அதே குறியை ஒட்டுங்கள். கீமோ ஊசிகளை எந்த நிறத்தில் கேட்கிறார்கள் என்பதை நிலையத்திடமே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் மாறாது: கீமோ பட்ட எதையும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். அது கிருமியைக் கொல்லும், மருந்தை ஆவியாக்கி அறை முழுக்கப் பரப்பும். மிச்ச மருந்தைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

5. கையுறையும் அங்கியும்

சாதாரண நைட்ரைல் கையுறையின் பெட்டியைக் காட்டி 'இதுவும் நைட்ரைல்தானே' என்று கடையில் சொல்வார்கள். பெட்டியின் மீது டி-6978 என்ற சோதனை எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கீமோ மருந்து ஊடுருவுகிறதா என்று சோதித்ததற்கான எண் அது. வினைல் கையுறை கூடவே கூடாது.

இரண்டு சோடி அணிய வேண்டும். உள்சோடி அங்கியின் கைப்பட்டைக்குக் கீழே, வெளிச்சோடி மேலே. முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கிழிந்தாலோ மருந்து பட்டாலோ உடனே. ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கலந்தால் நான்கு முறை, முறைக்கு நான்கு கையுறை, ஆக 16. வாரம் இரண்டு நாள் என்றால் ஒருவருக்கு 32. நூறு கையுறைப் பெட்டி மூன்று வாரம்தான் ஓடும், உதவியாளருடையதைச் சேர்க்காமலே. இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே நிர்வாகத்திடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நான்காவது மாதத்தில் 'ஏன் இவ்வளவு கையுறை' என்ற கேள்வி கட்டாயம் வரும்.

அங்கி முன்பக்கம் திறப்பில்லாமல், பின்னால் கட்டுவதாக, பாலிஎத்திலீன் பூசியதாக இருக்க வேண்டும். அறுவை அரங்கின் துணி அங்கி மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். கலக்கும் அங்கியோடு வெளியே தேநீர் குடிக்கப் போகாதீர்கள். துவைத்து மறுபடி அணியவும் வேண்டாம். மூன்றடுக்கு முகக்கவசம் மருந்தின் ஆவியைத் தடுக்காது. என்-95 துகளைத் தடுக்கும், ஆவியை அதுவும் தடுக்காது. உங்களைக் காப்பது பெட்டியின் காற்றுதான்.

மருந்துப் பார்சலைப் பிரிக்கும்போதே கையுறை அணியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் குப்பியின் வெளிப்புறத்திலேயே மருந்துப் படிவு இருக்கக்கூடும். பார்சல் ஈரமாக இருந்தால் உலுக்கிப் பார்க்காதீர்கள், அதைச் சிந்தியதாகவே கொள்ளுங்கள்.

6. யார் கலப்பது

குறைந்தது இருவரைத் தயார்செய்யுங்கள். ஒருவர் விடுப்பில் போனால் பழகாத செவிலியர் ஒருவர் வார்டு மேசையில் வைத்துக் கலக்கும் நிலை வரும். அந்த ஒரு நாள் போதும், மற்ற எல்லா ஏற்பாடும் வீண்.

கருவுற்றவர், பாலூட்டுபவர், குழந்தைக்கு முயல்பவர் ஆகியோருக்கு மாற்றுப் பணி தர வேண்டும். குழந்தைக்கு முயலும் ஆண்களுக்கும் இது பொருந்தும். இதை வாய்ப்பேச்சாக விடாமல் நடைமுறைக் குறிப்பில் எழுதுங்கள், சம்பளமும் பதவியும் குறையாது என்ற வரியோடு. அந்த வரி இல்லாவிட்டால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். சேரும்போது முழு இரத்த அணுக்கள் பரிசோதனை எடுத்து வையுங்கள். பிறகு ஏதாவது ஆனால் ஒப்பிட அது வேண்டும்.

7. கலக்கும் நாள்

பெட்டியின் விசிறியை முன்பே ஓடவிடுங்கள். மேசையில் பின்புறம் பிளாஸ்டிக் பூசிய உறிஞ்சு விரிப்பு. முன்வாயிலின் சல்லடையை அது மூடக் கூடாது. அந்த நோயாளிக்கு வேண்டியதை மட்டும் உள்ளே வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நோயாளி, ஒரு மருந்து.

கலப்பதற்கு முன் கணக்கை இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. உடல் பரப்பு (பெரும்பாலான மருந்துகளின் அளவு இதை வைத்துத்தான்): உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் பெருக்கி, 3,600ஆல் வகுத்து, வர்க்கமூலம். 160 செ.மீ., 58 கிலோ என்றால் 1.61 சதுர மீட்டர். எடையைச் சென்ற மாதச் சீட்டிலிருந்து எடுக்காதீர்கள், அன்று காலை எடுத்த எடை வேண்டும். கார்போபிளாட்டினுக்குக் கணக்கு வேறு: மருத்துவர் குறிக்கும் இலக்கு எண்ணை (ஏயூசி), சிறுநீரக வடிகட்டு வீதத்தோடு 25 கூட்டிப் பெருக்க வேண்டும். இலக்கு 5, வீதம் 75 என்றால் 500 மி.கி.

பொடியைக் கரைப்பதில் ஒரு கணக்குப் பொறி. ஜெம்சிடபைன் 1 கிராம் பொடியில் 25 மி.லி. சலைன் விட்டால் மில்லிக்கு 40 மி.கி. என்றுதான் யாருக்கும் தோன்றும். பொடியும் இடத்தை அடைப்பதால் கிடைப்பது 38. நோயாளிக்கு 1,600 மி.கி. வேண்டும் என்றால் 42.1 மி.லி. எடுக்க வேண்டும், 40 எடுத்தால் 80 மி.கி. குறையும். இப்படி ஒவ்வொரு மருந்தின் இறுதிச் செறிவையும் மருந்தோடு வரும் தாளிலிருந்து எடுத்து, பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் சுவர்த்தாளில் இருக்கும் மற்ற வரிகளில் சில:

- ஆக்சாலிபிளாட்டினுக்கு 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் மட்டும், சலைன் ஆகாது. சிஸ்பிளாட்டினுக்கு நேர்மாறு, சலைன் வேண்டும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கை தானாக ஒரே பையை எடுக்கும்.
- சிஸ்பிளாட்டினைக் குளிர்பெட்டியில் வைத்தால் படிகமாகும். கரைத்த ஜெம்சிடபைனும் அப்படித்தான்.
- பாக்லிடாக்செலுக்குச் சாதாரண பிவிசி பையும் குழாயும் கூடாது. கண்ணாடி அல்லது பாலியோலெஃபின் பை, 0.22 மைக்ரான் வடிகட்டி வைத்த குழாய். இந்தக் குழாயின் விலையைத் தொடக்கக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.
- வின்கிறிஸ்டைனைச் சிரிஞ்சில் நிரப்பி அனுப்பாதீர்கள், 50 மி.லி. சிறு பையில் மட்டும். சிரிஞ்சில் இருந்தால் தவறுதலாகத் தண்டுவடத்தில் போகும் வாய்ப்பு உண்டு. அப்படிப் போனால் பெரும்பாலும் மரணம். 'சிரை (இரத்தக் குழாய்) வழியாக மட்டும்' என்ற பெரிய சீட்டை ஒட்டுங்கள்.

கையின் வேலைக்கு வருவோம். திருகிப் பூட்டும் சிரிஞ்சையே வாங்குங்கள். செருகும் வகை அழுத்தத்தில் கழன்று தெறிக்கும். முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். குப்பிக்குள் காற்றைத் திணித்து மருந்தை எடுக்கும் பழக்கம் வார்டில் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. கீமோவில் அது கூடாது: ஊசியை உருவும் நொடியில் அழுத்தம் மருந்தை மெல்லிய தூவலாக வெளியேற்றும். எடுக்கப்போகும் அளவைவிடச் சற்றுக் குறைவான காற்றை மட்டும், சிறிது சிறிதாக, கொடுத்து வாங்குங்கள். குப்பியில் எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்க வேண்டும். கசிவில்லா மூடிய இணைப்புச் சாதனங்கள் இந்தத் தொல்லையைப் போக்கும். ஒரு குப்பிக்கு ஒன்று என்று செலவாகும் என்பதால் எல்லாவற்றுக்கும் எங்களால் வாங்க முடியவில்லை. பொடி மருந்துகளுக்கு மட்டும் வாங்குகிறோம். அவை இருந்தாலும் பெட்டி வேண்டும், பெட்டிக்கு அவை மாற்று இல்லை.

பையில் மருந்தைச் சேர்க்கும் முன்பே குழாயைச் செருகி, பையில் இருக்கும் வெறும் சலைனாலோ டெக்ஸ்ட்ரோஸாலோ நிரப்பிவிடுங்கள். வார்டில் செவிலியர் குழாயின் காற்றை வெளியேற்றும்போது கீழே சொட்டுவது அந்த வெறும் திரவமாக இருக்கும், மருந்தாக இருக்காது. செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்துக்காகச் செவிலியர்கள் இன்றும் நன்றி சொல்கிறார்கள்.

பையை வெளியே எடுக்கும் முன் துடைத்து, வெளிக்கையுறையை மாற்றி, சீட்டு ஒட்டி, மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கெட்டியான பெட்டியில் அனுப்புங்கள். கையில் தொங்கவிட்டுக்கொண்டு லிஃப்டில் போக வேண்டாம். கலப்புப் பதிவேட்டில் நோயாளி எண், மருந்து, தொகுதி எண், அளவு, நேரம், இருவர் கையெழுத்து.

8. துடைப்பதும் சிந்துவதும்

எழுபது விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்தால் சுத்தம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். மருந்தை அழிக்காது, இன்னும் பரப்பும். முதலில் 2 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட், அடுத்து தயோசல்ஃபேட் கரைசலால் அதை முறித்தல், பிறகு சோப்புக் கரைசலும் சுத்தமான நீரும், எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாக ஆல்கஹால். ஹைப்போகுளோரைட்டை அப்படியே விட்டால் எஃகு புள்ளி புள்ளியாக அரிக்கும். எங்கள் பெட்டியின் இடது மூலை சாட்சி. தெளிப்பானால் தெளிக்காதீர்கள், துணியை நனைத்துத் துடையுங்கள். தெளித்தால் படிவு காற்றில் எழும்பும்.

சிந்தியதை அள்ளும் பெட்டியை கலக்கும் அறையிலும், கீமோ வார்டிலும், மருந்து இறக்கும் இடத்திலும் வையுங்கள். ஆயத்தமாகவும் விற்கிறார்கள், நாங்களே சேர்த்தோம். இரண்டு சோடி கையுறை, அங்கி, காலணி உறை, பாதுகாப்புக் கண்ணாடி, என்-95, உறிஞ்சு விரிப்புகள், உடைந்த கண்ணாடியை அள்ளச் சிறு முறம், இரண்டு மஞ்சள் பை, எச்சரிக்கைப் பலகை. சிந்தினால் முதலில் ஆட்களை விலக்குங்கள், பிறகு அணியுங்கள், பிறகு விரிப்பை மெதுவாக மேலே போடுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடையுங்கள். கலக்கும் பெட்டிக்குள் சிந்தினால் அதன் விசிறியை நிறுத்தாதீர்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீர், அப்புறம் மருத்துவர். துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டு 'அங்கே கொஞ்சம் துடைத்துவிடு அக்கா' என்று சொல்வதுதான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு. அவருக்கும் பயிற்சி கொடுங்கள், பயிற்சிப் பதிவேட்டில் அவர் பெயரும் இருக்கட்டும்.

9. சாய ஒத்திகை

முதல் நோயாளிக்கு இரண்டு வாரம் முன்பு கண் சிகிச்சைப் பிரிவிலிருந்து சில ஃபுளோரசீன் தாள்களை வாங்கி வந்தோம். காலிக் குப்பிகளில் சலைனோடு அந்தச் சாயத்தைக் கரைத்து, முழுச் சடங்கோடும் பத்துப் பைகள் கலந்தோம். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச்சை அடித்தோம். விரிப்பில் பச்சைப் புள்ளிகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தன. குளிர்பெட்டியின் கைப்பிடியில், பதிவேட்டின் ஓரத்தில், என் பேனா மூடியில் இருந்தவற்றை எதிர்பார்க்கவில்லை. எழுதும்போது அந்த மூடியைக் கடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பதிவேடு இப்போது அறைக்கு வெளியே இருக்கிறது, கையுறை கழற்றிக் கை கழுவிய பிறகுதான் அதைத் தொடுவோம்.

வருடத்துக்கு இரண்டு முறை இதைத் திரும்பச் செய்கிறோம். செலவு ஒரு டார்ச்சின் விலை.

10. காலமும் நாட்காட்டியும்

மறுபடி தொடங்கினால் நான் போடும் கால அட்டவணை இது. முதல் வாரம் மருந்துப் பட்டியல், கழிவு நிலையத்துக்குக் கடிதம், வாரியத்துக்கு விண்ணப்பம். இரண்டாவது, மூன்றாவது வாரம் விலைப்புள்ளிகள். பெட்டி வந்துசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்; அந்த இடைவெளியில் அறை வேலையும் ஆட்களின் பயிற்சியும். நிறுவிய பிறகு சான்றுக்கு ஒரு வாரம், ஒத்திகைக்கு இரண்டு வாரம். எதுவும் சிக்காவிட்டால் நான்கு மாதத்தில் முடியும். பணத்தில் பெட்டிக்கு ஒதுக்கும் அளவுக்கு ஏறக்குறைய சமமாக ஒரு தொகையை அறைக்கும் குழாய்க்கும் யுபிஎஸ்சுக்கும் முதலாண்டுக் கையுறைக்கும் ஒதுக்குங்கள். பெட்டியின் விலையை மட்டும் சொல்லி ஒப்புதல் வாங்கினால் ஒவ்வொரு மாதமும் பிச்சைப் பாத்திரத்தோடு கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும்.

மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் அமைப்பின் ஆய்வு உங்கள் மருத்துவமனைக்கு உண்டென்றால் கீமோ கலக்கும் முறையை எழுத்தில் கேட்பார்கள். மேலே சொன்ன பதிவேடுகள் இருந்தால் தனியாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை.

சுவரில் மாட்டிய நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட வேண்டிய நாட்கள்: பெட்டியின் மறுசான்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காலாவதி ஆகும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வட்டமிடுங்கள், ஏனென்றால் சான்று தருபவர் கூப்பிட்ட உடனே வருவதில்லை. மருத்துவமனையின் ஆண்டுக் கழிவு அறிக்கை, படிவம் 4, ஜூன் 30க்குள். அதில் போக வேண்டிய உங்கள் எடைக் கணக்கை மே மாதமே கூட்டி வைத்துவிடுங்கள்.